நூற்றுக்கு நாலு தசம் ஆறு

வெள்ளைப் பலகையின் கடைசிக் கட்டத்தில் 4.6 என்று எழுதிவிட்டு மங்களேஸ்வரி இரண்டடி பின்னால் வந்து நின்றாள். எழுத்து நேராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவள் போலத்தான் நின்றாள். உள்ளுக்குள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. மூன்று கிழமைக்கு முன் இதே கட்டத்தில் 9.2 இருந்தது. பிறகு 8.1. பிறகு 6.7. ஒவ்வொரு நாளும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்து, இன்றைக்கு நாலு தசம் ஆறில் வந்து நிற்கிறது.

"இண்டைக்கி எத்தின, தங்கச்சி? கண்ணாடிய ஊட்டுல வெச்சிட்டு வந்திட்டன்."

பின்வரிசைக் கதிரையிலிருந்து கேட்டவர் லாபிர் நானா. அக்குறணையில் மிளகு, சாதிக்காய் வியாபாரம் செய்து, இப்போது அதை மகன்களிடம் விட்டுவிட்டு, கொஞ்சம் பங்குகள் வாங்கி வைத்துக்கொண்டு நாள் தவறாமல் இங்கே வந்து உட்காருகிறவர்.

"நாலு தசம் ஆறு, நானா. இறங்கியிருக்கு."

"அப்ப நல்ல சேதிதானே. கொஞ்சம் சிரிச்சிக்கிட்டு எழுதுங்களேன். ஊட்டுல பொண்டாட்டி மஸீனா என்ன சொல்றா தெரியுமா? 'தெனம் மார்க்கட் போறேன், மார்க்கட் போறேன் எண்டு போறீங்க, ஒரு நாளாச்சும் ஒரு கத்தரிக்காய் கொண்டாந்தீங்களா' எண்டு கேக்குறா."

மங்களேஸ்வரி சிரித்தாள். சிரித்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கந்தோர். கொழும்புப் பங்குத் தரகர் ஒருவரின் கிளை. ஒரு கணினித் திரை, இரண்டு தொலைபேசி, வாங்க விற்க வரும் ஆட்களுக்கு இருபது கதிரை. முன்பெல்லாம் இருபதும் போதாது. காலையில் கொழும்பிலிருந்து முதல்நாள் விலைத்தாள் பெக்ஸில் வரும். அதில் பதினாலு கம்பனிகளைத் தெரிந்தெடுத்து, அதிகூடிய விலை, அதிகுறைந்த விலை, முடிவு விலை என்று பலகையில் எழுதுவது அவளுடைய வேலை. நாலாவது கட்டம் அவளே சேர்த்துக்கொண்டது. ஐந்து வருடத்துக்கு முன் தலைமைக் கந்தோர் ஆள் ஒருவர் வந்து சொல்லித் தந்த கணக்கு அது. ஒரு பங்கின் அன்றைய உச்சிக்கும் அடிக்கும் இடையில் எவ்வளவு, நேற்று நின்ற இடத்திலிருந்து அந்த உச்சிக்கு எவ்வளவு, அடிக்கு எவ்வளவு, இந்த மூன்றில் பெரிய தூரம் எதுவோ அதுதான் அன்றைய வீச்சு. அப்படிப் பதினாலு நாள் வீச்சைக் கூட்டிப் பதினாலால் பிரித்தால் சராசரி. அந்தச் சராசரியை இன்றைய விலையால் பிரித்து நூறால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். கந்தோருக்கு வருகிறவர்கள் அதற்கு 'ஆட்டக் கணக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடைசியில் ஏன் விலையால் பிரிக்க வேண்டும் என்று முதலில் கேட்டவரும் லாபிர் நானாதான். "பேங்க் பங்கு எட்டு ரூவா ஆடினிச்சு, ஹோட்டல் பங்கு எம்பது சதம்தான் ஆடினிச்சு. நீங்க ஹோட்டலுக்குக் கூடப் போட்டீக்கிறீங்களே" என்று சண்டைக்கே வந்தார். "பேங்க் இருநூறு ரூபா, நானா. எட்டு எண்டால் நூற்றுக்கு நாலு. ஹோட்டல் எட்டு ரூபா. எண்பது சதம் எண்டால் நூற்றுக்குப் பத்து. இப்ப சொல்லுங்கோ, எது கூட ஆடினது?" அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரிதான். ஒரே காத்துதான் தென்னையையும் ஆட்டுது, கீரையையும் ஆட்டுது. தென்ன ஓல ஆறடி ஆடினாலும் தென்ன நிக்கும். கீர ஒரு சாண் ஆடினா வேரோட பெய்த்திடும்." அதற்குப் பிறகு அவர் அந்தக் கணக்கை எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை.

பதினாலு பங்குகளின் வீதத்தையும் சேர்த்து ஒரே சராசரியாக்கிக் கடைசிக் கட்டத்தில் எழுதுவதை இந்தச் சித்திரையில்தான் ஆரம்பித்தாள். கந்தோருக்காக அல்ல. ஆனையிறவு இராணுவ முகாம் விழுவதற்கு முந்திய நாட்களில் பத்திரிகைகளில் யுத்தச் செய்தி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. தணிக்கை. வானொலியில் பாட்டுப் போட்டார்கள். ஆனால் பலகையில் ஹோட்டல் பங்கின் ஆட்டம் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஏழுக்குப் போனது, சீமெந்து ஐந்துக்குப் போனது, மற்றவையும் பின்னாலேயே போயின. "பேப்பருல ஒண்டுமில்ல" என்றார் லாபிர் நானா மெதுவாக. "ஆனா கொழும்புல பெரிய ஆக்களுக்கு எல்லாம் தெரியும். அவங்க முந்தி விப்பாங்க. அவங்கட கை நடுங்கினா இங்க போர்ட்டுல தெரியும்." நாலு நாள் கழித்து முகாம் விழுந்த செய்தி வந்தபோது மங்களேஸ்வரிக்கு அது பழைய செய்தியாக இருந்தது. அன்றிலிருந்து அவள் பத்திரிகை வாங்குவதை விட்டுவிட்டாள். எண் ஏறினால் அங்கே மோசம். இறங்கினால் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். அங்கே என்றால் சாவகச்சேரி. தங்கை லீலாதேவியும், படுத்த படுக்கையாகிவிட்ட அவளுடைய மாமியாரும் இருக்கிற வீடு.

பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. கணினித் திரைக்கு முன்னால் இருந்து வாங்க விற்கப் போடுகிற டீலர் தம்பி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "மிஸ், யாழ்ப்பாணத்திலேருந்து" என்றான்.

"அக்கா?"

லீலாவின் குரலுக்குப் பின்னால் கடைச் சத்தம் கேட்டது. மாதத்துக்கு ஒருமுறை சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாண ரவுணுக்கு பஸ் ஏறிவந்து, காசு கொடுத்துத் தொலைபேசி பேசுகிற விவேகானந்தன் என்பவருடைய கொமினிகேசன் கடையில் இருந்துதான் பேசுவாள். இந்த மாதத்துக்கு ஏற்கெனவே பேசிவிட்டாள்.

"என்னடி, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. மாமிக்கு மருந்து வாங்க வந்தனான். அக்கா, கனக்கக் கதைக்கேலாது. இஞ்சை சனம் எல்லாம் சாமான் கட்டுது. எங்கட ஒழுங்கையிலை ஏழு வீடு பூட்டியாச்சு. ஒரு வான்காரன் நாளைக்கு விடியக் கரவெட்டிக்குப் போறான், மாமியைப் படுக்க வைச்சுக் கொண்டுபோக இடம் தாறன் எண்டவன். இண்டைக்குப் பின்னேரம் முடிவு சொல்லோணும். மாமி வரமாட்டன் எண்டு அழுறா. அசைச்சால் அந்த மனுசி தாங்குமோ தெரியேல்லை. போறதோ, இருக்கிறதோ? உங்கை என்ன கதை? இஞ்சை எங்களுக்கு ஒரு இழவும் தெரியேல்லை."

தொலைபேசியை யாரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் இரண்டு பேரும் அங்கத்தைய நிலவரத்தை எப்போதும் வெயில் மழை என்றுதான் பேசுவார்கள். இன்றைக்கு லீலா அதையும் மறந்துவிட்டாள். மங்களேஸ்வரி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். கறுப்பு மையில் அந்த எண் பளிச்சென்று மினுங்கியது.

"இரு" என்றாள். "அவசரப்படாதை. இஞ்சை ஆட்டம் அடங்கீட்டுது. ரெண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் இறங்குது. இனி அடங்கும் போலத்தான் கிடக்கு. அந்த மனுசியை ஏன் வீணா அலைக்கிறாய்?"

"வடிவாப் பாத்துத்தான் சொல்லுறியோ?"

"வடிவாப் பாத்துத்தான் சொல்லுறன்."

"சரி. அப்ப நான் வான்காரனுக்கு வேண்டாமெண்டு சொல்லுறன். அப்பாடா." லீலா நெடுமூச்சு விட்டது காதில் காற்றாக வந்து மோதியது. "ஒரு மணி பஸ்ஸைப் பிடிச்சால் இருட்டமுன்னம் போயிடுவன். வைக்கிறன் அக்கா."

ரிசீவரை வைத்த பிறகு மங்களேஸ்வரிக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஒருவருக்கு உருப்படியாக ஒன்று செய்து கொடுத்த நிறைவு. நேற்றுக் கந்தோருக்கு வரும் வழியில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபோது, சிப்பாய் அதில் பிறந்த ஊரின் பெயரை வாசித்துவிட்டு இரண்டு முறை முகத்தைப் பார்த்தான். அப்போது இல்லாத நிமிர்வு இப்போது முதுகில் வந்து உட்கார்ந்தது.

பன்னிரண்டரைக்குப் பங்குச் சந்தை மூடியது. ரத்தினம்மா தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பன்விலத் தோட்டத்திலிருந்து ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறி வந்து, கந்தோரைக் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றுகிறவள். தட்டத்தில் மூன்று கோப்பைதான் இருந்தது.

"என்ன ரத்தினம்மா, மூண்டுதானோ?"

"பெறகு யாருக்குங்க மிஸ்? முன்னெல்லாம் இருவது கப்பு கழுவுவேன், கை வெளுத்துப் போகும். இந்த ரெண்டு கெழமையா யாருங்க வர்றாங்க? லாபிர் மொதலாளி ஐயா ஒருத்தரு, நீங்க ஒருத்தரு, டீலரு தம்பி ஒருத்தரு. சீனி கூட வாங்கல, போன மாச சீனியே கெடக்குது."

மங்களேஸ்வரி கதிரைகளைப் பார்த்தாள். இருபதும் வரிசையாக, வெறுமையாக, பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. லாபிர் நானா டீலரின் மேசையடியிலிருந்து திரும்பி வந்து, கோப்பையை எடுக்காமலே பொத்தென்று உட்கார்ந்தார்.

"இண்டைக்கும் போகல்ல."

"எது நானா?"

"என்ட ஹோட்டல் பங்குதான். ஆயிரத்தை விக்கச் சொல்லி ஒம்பது நாளாப் போட்டு வெச்சீக்கிறன். எட்டு ரூவாக்கிப் போட்டன், வாங்க ஆளில்ல. ஏழுக்குப் போடு எண்டன், ஆளில்ல. ஆறுக்குப் போடு தம்பி எண்டா, 'அங்கிள், வெலையே கேக்க ஆள் இல்லாதப்ப ஆறென்ன அஞ்சென்ன' எண்டு சொல்றான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, கோவிச்சுக்கொள்ள வாணாம். நீங்க போன்ல 'அடங்கிட்டுது' எண்டு சொன்னது காதுல உழுந்திச்சு. எனக்கு அப்பிடி வெளங்கல்ல. இது அடங்கினது இல்ல. விக்கிறவன் நிக்கிறான், வாங்குறவன் ஓடிட்டான். இது மூச்சே இல்லாமக் கெடக்குது."

"இல்லை நானா, ஹோட்டல் ஒம்பது நாளா எட்டிலைதான் நிக்குது. ஒரு சதம் ஆடேல்லை. நான்தானே எழுதுறன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

மேசைக்குப் போய் அன்றைக்கு வந்த பெக்ஸ் தாளை எடுத்தாள். ஹோட்டல் பங்கு. அதிகூடியது எட்டு, அதிகுறைந்தது எட்டு, முடிவு எட்டு. விரலை வலதுபக்கமாக நகர்த்தினாள். தாளின் கடைசி நிரலில், எத்தனை பங்கு கைமாறியது என்ற இடத்தில், பூச்சியம். முந்திய நாள் தாள். பூச்சியம். அதற்கு முந்தியது. பூச்சியம். யாரும் வாங்கவில்லை, யாரும் விற்கவில்லை. கைமாறாத பங்குக்குப் பழைய விலையையே மூன்று இடத்திலும் அச்சடித்து அனுப்பிவிடும் கொழும்புக் கணினி. எட்டிலிருந்து எட்டைக் கழித்தால் வீச்சு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத ஒவ்வொரு நாளையும் அவள் அமைதியான நாளாகக் கூட்டியிருந்தாள், அமைதியான நாளாகப் பதினாலால் பிரித்திருந்தாள்.

பலகையில் அந்த நிரல் ஒரு காலத்தில் இருந்தது. கைமாறிய பங்குகள் என்று. ஐந்து வருடத்துக்கு முன் ஆட்டக் கணக்குக்கு இடம் போதாமல், அவள்தான் அதை ஈரத்துணியால் அழித்தாள். அப்போது எல்லாப் பங்கும் நாளுக்குப் பல்லாயிரம் கைமாறும். அந்த நிரலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

கணிப்பானை எடுத்து உட்கார்ந்தாள். ஹோட்டல் பங்கு உண்மையில் கைமாறியது பதினாலு நாளில் ஐந்து நாள். அந்த ஐந்து நாள் வீச்சும் சேர்த்து ஐந்து ரூபா அறுபது சதம். பதினாலால் பிரித்தபோது நாற்பது சதம், எட்டு ரூபாவுக்கு நூற்றுக்கு ஐந்து. ஐந்தால் பிரித்தால் ஒரு ரூபா பன்னிரண்டு சதம். நூற்றுக்குப் பதினாலு. இரண்டாம் முறையும் அடித்துப் பார்த்தாள். பதினாலு. சீமெந்து, பதினொன்று. கடன் கம்பனி, பதின்மூன்று. நாலாவது பங்கில் அவளுடைய கை நின்றுவிட்டது. இந்தப் பலகை ஒருநாளும் கண்டிராத எண்கள் அவை. முகாம் விழுந்த கிழமையிலும் இல்லாதவை.

"மிஸ், தேத்தண்ணி ஆறுதுங்க" என்றாள் ரத்தினம்மா.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் இதே கண்டியில் மங்களேஸ்வரியின் வாடகை வீடு எரிந்தது. பாடசாலை அகதி முகாமில் எட்டு நாள் கிடந்துவிட்டு, அவளும் கணவன் பாலேந்திரனும் ஒரு கைப்பையோடு சாவகச்சேரியில் போய் இறங்கினார்கள். வருகிறோம் என்று அறிவிக்க வழி இருக்கவில்லை. ஆனால் லீலா முன்னறையை ஏற்கெனவே ஒழித்து, பாய் விரித்து, தண்ணீர்ச் செம்பு வைத்திருந்தாள். "எப்பிடியடி தெரியும்?" என்று கேட்டதற்கு, "என்ன கேள்வி, வேறை எங்கை வரப்போறியள்?" என்றாள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பவும் கண்டிக்கு வேலைக்குக் கிளம்பியபோதும், பாலேந்திரன் செத்த பிறகு இங்கேயே தனியாக இருக்கப்போகிறேன் என்று சொன்னபோதும், லீலா ஒரு கேள்வி கேட்டதில்லை. வாழ்நாளில் ஒரேயொரு கேள்வியைத்தான் அவள் அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அதுவும் இன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு. அதற்கு அக்கா கணக்குப் பார்த்துப் பதில் சொன்னாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது.

கொமினிகேசன் கடையின் இலக்கம் அவளுடைய குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. முதல் முறை சுற்றியபோது எங்கேஜ். இரண்டாம் முறை ஒன்றுமே கேட்கவில்லை. டீலர் தம்பி எழுந்து வந்து, "நான் எடுத்துத் தாரன் மிஸ்" என்று ரிசீவரை வாங்கினான். லாபிர் நானா எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஏதோ ஓதுகிறவர் போல உதடு மட்டும் அசைந்தது. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ மணி போனது.

"வணக்கம், ஆர் கதைக்கிறது?"

"விவேகானந்தன் அண்ணையோ? நான் கண்டியிலையிருந்து மங்களேஸ்வரி. லீலாதேவின்ரை அக்கா. காலமை உங்கட கடையிலையிருந்து கதைச்சவ. பச்சைச் சீலை..." என்ன சீலை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "சாவகச்சேரி லீலா. அவ நிக்கிறாவோ?"

"ஓ, அந்தப் பிள்ளையோ. அவ எப்பவோ வெளிக்கிட்டுட்டா. ஒரு மணி பஸ்ஸும் போயிட்டுது. அதுதான் இண்டைக்குக் கடைசி பஸ் எண்டு சொல்லுறாங்கள். என்ன அக்கா, அவசரமோ?"

"அவசரம். அண்ணை, அவவுக்கு ஒரு சேதி போகோணும். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை போகோணும். சாவகச்சேரிப் பக்கம் போற ஆக்கள் ஆரும் உங்கடை கடைக்கு வருவினமோ?"

"இந்த நேரத்திலை அங்காலை போறவை ஆர்? அங்கையிருந்து இஞ்சாலை வாறவைதான் வருகினம்." பேனையைத் தேடுகிற சத்தம் கேட்டது. "சரி, சொல்லுங்கோ. எழுதி வைக்கிறன். என்னெண்டு எழுத?"

என்னெண்டு எழுத. பதினாலு நாள், ஐந்து நாள், பூச்சியத்தைக் கூட்டினது, கடைசி நிரலை அழித்தது. இதையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட முடியாது. யாரும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதும் நினைவுக்கு வந்தது. கேட்கட்டும்.

"அக்கா பிழையாச் சொல்லிப்போட்டா எண்டு எழுதுங்கோ. நிக்கவேண்டாம். வானுக்குள்ளை ஏறு. மாமியையும் தூக்கு. அவ்வளவுதான்."

"அக்கா... பிழையா... சொல்லிப்போட்டா..." அவர் எழுதிக்கொண்டே ஒவ்வொரு சொல்லாக, பாடசாலைப் பிள்ளை சொல்வதெழுதுவது போலச் சொன்னார். அவருடைய வாயிலிருந்து அது திரும்பி வந்தபோது மங்களேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். "நிக்க... வேண்டாம். வீடு எவடத்திலை?"

"பெருங்குளத்தடி. பூவரசு வேலி. ஏழு வீடு பூட்டிக் கிடக்கிற ஒழுங்கை. பூட்டாத வீடு அதுதான்."

"சரி அக்கா. எழுதியாச்சு. ஆனா கொண்டுபோக ஆள் கிடைக்குமெண்டு நான் சொல்லமாட்டன். நில்லுங்கோ, வைச்சிடாதையுங்கோ. ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன்."

ரிசீவரை எங்கோ மேசையில் வைத்த சத்தம் 'டொக்' என்று கேட்டது. பிறகு அவருடைய குரல் தூரத்திலிருந்து, கடை முழுவதற்கும்: "பிள்ளையள், இஞ்சை ஆராவது சாவகச்சேரிப் பக்கம் போறியளோ? ஒரு துண்டு குடுக்கக் கிடக்கு."

மங்களேஸ்வரி ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். முன்பின் பார்த்திராத அந்தக் கடை அவளுடைய காதுக்குள் திறந்து கிடந்தது. மின்விசிறி ஒன்று கிறீச் கிறீச் என்று சுற்றியது. ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்தது. யாரோ ஒரு கிழவர் இருமினார். வெகு தூரத்தில், கதவைப் பலமாகச் சாத்துவது போல ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. கடைக்குள் பேச்சு நின்றது. பிறகு ஒரு பெண்குரல் ஏதோ கேட்டது, விவேகானந்தன் ஏதோ சொன்னார், ஒரு ஆண்குரல் குறுக்கே வந்தது. ஓம் என்றதா, உதென்ன விசர் என்றதா, அவளுக்குப் பிடிபடவில்லை. கொப்பியிலிருந்து தாள் ஒன்று கிழிபடுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. சீமெந்துத் தரையில் செருப்புச் சத்தம். வெளியே ஒரு சைக்கிளின் ஸ்ராண்டை யாரோ காலால் தட்டி எடுத்தார்கள்.

"ஹலோ" என்றாள். "ஹலோ, அண்ணை."

யாரும் ரிசீவரை எடுக்கவில்லை. அந்த மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.